ஐந்தரை மணி டீ

ஜூன் 10, செவ்வாய்

நாட்குறிப்பு எழுதும் வழக்கம் எனக்குக் கிடையாது. கல்லூரி விடுதியில் அறைத்தோழிகள் எழுதுவார்கள். எழுதியதைத் தலையணைக்கு அடியில் ஒளிப்பார்கள். ஒளிக்க வேண்டியதை எதற்காக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். இதுவும் நாட்குறிப்பு அல்ல. என் மகள் செண்பகா என்ன சாப்பிடுகிறாள் என்பதற்கான பதிவேடு. ஆய்வகத்தில் மிஞ்சிக் கிடந்த ரெக்கார்டு நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். இடப்பக்கம் வெள்ளைத்தாள், வலப்பக்கம் கோடு.

எழுதச் சொன்னது மாசிலாமணி சார், செண்பாவின் ஹாக்கிப் பயிற்சியாளர். இன்று பள்ளிக்கூட வராந்தாவில், சைக்கிளைவிட்டு இறங்காமலே பேசினார்.

“டீச்சர், திருச்சி அகாடமில பிள்ளைய எடுத்துட்டாங்க. ஆட்டத்துல நூத்துக்கு நூறு. ஆனா ஆகஸ்ட் பன்னெண்டு மெடிக்கல். ஹீமோகுளோபின் பதினொண்ணு இருக்கணும். ஒரு புள்ளி கொறஞ்சாலும் அடுத்த பிள்ளைக்கு எடம் போயிரும்.”

“இப்ப எவ்வளவு இருக்கு சார்?”

“அம்மா நீங்க. என்கிட்ட கேக்கியளே!”

மாலை ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். 9.2. மார்ச்சில் 9.0 இருந்தது. மூன்று மாதமாக தினமும் இரும்பு மாத்திரை கொடுத்தும் ஏறியது இவ்வளவுதான்.

இன்றைய உணவு. காலை 5.30: சாக்லேட் சீரியல் உருண்டை, வெறுமனே, கை கையாக. டீ. மாத்திரை. மைதானத்திலிருந்து வந்தபின் ஒன்றும் இல்லை, நேரமில்லை என்றாள். மதியம்: புளிசாதம், பாதியைத் தோழிக்குக் கொடுத்துவிட்டாள். மாலை: மறுபடி உருண்டை. இரவு: இரண்டு தோசை.

எந்தப் பதிவுக்கும் ஒப்பிட ஒரு ஆரோக்கியமான மாதிரி பக்கத்தில் வேண்டும். அதனால் என்னுடையதையும் எழுதுகிறேன். நான்: டீ. டீ. மதியம் தயிர்சாதம். டீ. இரவு ஒரு தோசை.


ஜூன் 11, புதன்

செண்பா கிண்ணத்தில் கொட்டியதை அப்படியே எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன்.

“என் சாப்பாட்டையாம்மா லேபுக்குத் தூக்கிட்டுப் போற? போலீஸ் நாய் மாதிரி மோந்து வேற பாக்க!”

எடை 84 கிராம். அட்டைப்பெட்டியில் ‘ஒரு வேளைக்கு 30 கிராம்’ என்று போட்டிருக்கிறது. நூறு கிராமில் சர்க்கரை 31 கிராம். அப்படியானால் அவள் ஒரு காலையில் தின்பது ஐந்து ஸ்பூன் சர்க்கரை. பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு கரடி தசையை முறுக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறது.

குற்றவாளியைப் பிடித்துவிட்டேன் என்று தோன்றியது. பெட்டியை அலமாரியின் மேல் வைத்துவிட்டேன்.


ஜூன் 12, வியாழன்

பெட்டி கீழே இறங்கிவிட்டது. ஐந்தடி ஏழங்குல மகளிடமிருந்து எதையும் உயரத்தில் ஒளிக்க முடியாது.


ஜூன் 16, திங்கள்

லூர்துமேரி டீச்சர் விலங்கியல் எடுக்கிறார். என் பதிவேட்டைப் பற்றிச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார்.

“அந்தக் கரடியத் தூக்கிக் குப்பையில போடுங்க. கம்மங்கூழ், கேப்பங்கூழ். ஒரே மாசம்! எனக்கு வாட்சப்புல வந்திருக்கு.”

வாட்சப்பில் வந்தது என்பதாலேயே எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. கேழ்வரகில் இரும்பு இருக்கிறது. அதை உடம்பு ஏற்றுக்கொள்ள விடாத பொருளும் அதிலேயே இருக்கிறது. கரடியை நம்பாதவள் கேழ்வரகை மட்டும் எதற்கு நம்ப வேண்டும்?

“அது சரி, உங்க முகம் ஏன் டீச்சர் சுண்ணாம்பு கணக்கா இருக்கு?” என்றார்.

“பவுடர்” என்றேன்.

நான் பவுடர் போடுவதில்லை. பேச்சை முடிக்க வேண்டியிருந்தது.

ஆய்வகம் இரண்டாவது மாடி. படித் திருப்பத்தில் ஒரு ஜன்னல். அங்கே கொஞ்சம் நின்று வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு ஏறினேன். வகுப்புக்கு முன் மனத்துக்கு நல்லது.

நான்: டீ. டீ. மதியம் சாப்பிடவில்லை, விடைத்தாள். இரவு சோறு. அரிசி களையும்போது ஒரு வாய் அரிசி.


ஜூன் 19, வியாழன்

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

பெட்டியில் ‘இரும்புச் சத்து நிறைந்தது’ என்று அச்சிட்டிருந்தது. பொய் என்று நிரூபிக்கலாம் என்று நினைத்தேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து, இரண்டு கை உருண்டையை உரலில் இடித்து, வெந்நீரில் கரைத்தோம். பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தை வெள்ளை பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, அந்தக் கரைசலில் பத்து நிமிடம் கலக்கினேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். ஆறாவது நிமிடத்தில் கொட்டாவி விட்டார்கள்.

வெளியே எடுத்துக் கழுவினேன். தாளின் மேல் கறுப்பாக, பூனைமுடி போல, மெல்லிய தூள். விரலால் காந்தத்தை நகர்த்தினால் தூளும் நகர்ந்தது.

“மிஸ்! இது நெசமாவே இரும்பா?” முத்தரசி கத்தியே விட்டாள்.

“இரும்புதான்.”

“அப்ப நாங்க ஆணியவா மிஸ் திங்கோம்?”

“ஆணியைப் பொடிச்சுத் திங்கிறீங்க. வயித்துல அமிலம் இருக்கு. கொஞ்சம் கரையும்.”

இருபத்தெட்டுப் பேரும் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள். பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. காந்தம் கைகைக்கு மாறியது. மணி அடித்தும் யாரும் போகவில்லை. இருபத்து நான்கு வருட வேலையில் மணி அடித்தபின் போகாத வகுப்பை நான் பார்த்ததில்லை.

பெட்டியில் போட்டிருந்தது பொய்யில்லை. இதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்று எழுதினால் அது அறிவியல் மனப்பான்மை ஆகாது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

செண்பா வணிகவியல் பிரிவு. அவள் காதுக்கு மதியத்துக்குள் செய்தி போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் கரடிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். “மன்னிப்புக் கேளு. எங்கிட்ட இல்ல, இதுகிட்ட.”

நான்: டீ. டீ. மதியம் தயிர்சாதம். அரிசி, ஒரு வாய்.


ஜூன் 22, ஞாயிறு

முதன்முறையாக அவள் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். இந்த ஊரில் பல் முளைக்குமுன் மட்டையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் மட்டும் இத்தனை வருடம் மைதானத்துப் பக்கம் போனதில்லை. மாணவிகளின் பெற்றோர் இருக்கும் இடத்தில் கத்திக்கொண்டு நிற்பது எனக்கு ஒத்துவராது.

நான் கத்தவில்லை. முதல் கால் மணி ஆட்டத்தில் செண்பா பந்தை நடுக்கோட்டிலிருந்து எடுத்தாள். ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தி மட்டையை நீட்டினாள்; பந்து அந்த மட்டைக்கு மேலே ஒரு சாண் எழும்பி அப்பால் விழுந்தது, இவள் ஏற்கெனவே அங்கே இருந்தாள். கோல் பலகையில் அடித்த சத்தம் துப்பாக்கி வெடித்தது போல் இருந்தது. இது என் வயிற்றில் பிறந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஏதோ விழுந்தது. குடையின் கைப்பிடி. முறுக்கியே கழற்றியிருக்கிறேன்.

மூன்றாவது கால் மணி முடியும்போது அவள் முழங்காலில் கையூன்றி நின்றாள். நாலாவதில் நடந்தாள்.

“பாத்தியளா டீச்சர்?” என்றார் மாசிலாமணி சார். “மோட்டார் நல்ல மோட்டார். கரண்டு பத்தல.”


ஜூன் 27, வெள்ளி

இந்தப் பதிவேட்டில் 5.30 என்று தினமும் எழுதுகிறேன். அது என்ன என்று ஒரு முறை எழுதி வைக்கலாம்.

அவளுடைய அப்பாவுக்கு நாக்பூரில் வங்கி வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நாங்கள் இருவர். பகலில் அவள் மாணவி, நான் டீச்சர். மாலையில் மைதானம், டியூஷன். இரவில் அவளுக்குக் கைபேசி, எனக்கு விடைத்தாள். காலை ஐந்தரைக்கு மட்டும் அடுப்படித் தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்து டீ குடிப்போம். நல்ல கடுப்பமாக, இஞ்சி தட்டிப் போட்டு. அவள் உருண்டையை வாயில் போட்டு டீயை ஊற்றிக்கொள்வாள். வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டுகிறது என்றதால் டீயோடு கையில் கொடுப்பேன். ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள்.

அந்த அரை மணியில் அவள் பேசுவாள். யார் யாரோடு பேசுவதில்லை, எந்தப் பந்து எங்கே தவறிப்போனது, எந்த வாத்தியார் தலைக்குச் சாயம் அடிக்கிறார். நான் அதிகம் பேசுவதில்லை. அவ்வளவுதான் அது.

இன்று அரிசி களைந்துகொண்டிருந்தபோது பார்த்துவிட்டாள். “அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழ பெய்யுமாமே?”

“பெய்ஞ்சுது. பந்தல் விழுந்துட்டு.”

“இன்னும் ஏம்மா திங்க? ரெண்டாங் கல்யாணமா?”

கரண்டியைத் தூக்கினேன். ஓடிவிட்டாள்.


ஜூலை 1, செவ்வாய்

9.3.


ஜூலை 2, புதன்

ஆறு வாரம்கூட இல்லை. மதியம் முட்டை, முருங்கைக்கீரை, நிலக்கடலை எல்லாம் மூன்று வாரமாக நடக்கின்றன. புளிசாதம் நின்றுவிட்டது. மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை, நானே கையில் கொடுக்கிறேன். பிறகு எங்கே போகிறது இரும்பு?

செண்பா திருச்சிக்குப் போகவில்லையென்றால் போகட்டும், இங்கேயே இருந்து பிளஸ் டூ எழுதட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான்.

படித் திருப்பம், வேப்பமரம். இன்று கொஞ்சம் அதிக நேரம் நின்றேன்.


ஜூலை 4, வெள்ளி

காலையில் மாத்திரை அவள் விரலிலிருந்து நழுவி டீக்குள் விழுந்துவிட்டது. “விடு, வேற ஒண்ணு எடுத்துக்க” என்று இன்னொரு டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தேன். முதல் டம்ளர் அப்படியே தொட்டியோரம் இருந்தது. கழுவ நேரமில்லை.

மாலை ஐந்து மணிக்கு வந்து டம்ளரை எடுத்தேன்.

டீ இல்லை. கறுப்பு. பாலோடு திரிந்து, சிலேட்டைக் கரைத்தது போல, ஓரங்களில் நீலம் படர்ந்த கறுப்பு. அப்படியே நின்றேன். கைப்பை இன்னும் தோளில் இருந்தது.

கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்ந்தால் மை. முற்காலத்தில் அதில்தான் எழுதினார்கள் என்று வருடந்தோறும் பாடத்தில் சொல்கிறேன். கடுக்காயின் துவர்ப்புக்கு உறவுக்காரன்தான் டீயின் துவர்ப்பு. மாத்திரைக்குள் இருப்பது அன்னபேதியேதான், கடையில் வேறு பெயர், அவ்வளவே. இரண்டும் சேர்ந்தால் இரும்பு துவர்ப்போடு கட்டிக்கொண்டு கிடக்கும், குடல் அதை எடுத்துக்கொள்ளாது. இந்தக் கேள்வி ஐந்து மதிப்பெண்ணுக்கு வந்தால் நானே விடைக்குறிப்பு எழுதுவேன்.

மாத்திரை மட்டுமல்ல. அவள் தின்ற உருண்டையில் இருந்த இரும்பும் அதே டீயில்தான் விழுந்திருக்கிறது. முழுவதும் வீணாகியிருக்காது. பெரும்பகுதி போயிருக்கும். கரடி குற்றவாளி இல்லை. டீ போட்டது நான்.

தீக்குச்சியை அந்த டம்ளரில் தோய்த்து, இந்த நோட்டின் இடப்பக்கத்தில் 9.3 என்று எழுதினேன். எழுதும்போது மங்கலாக இருந்தது. காய்ந்தபின் கறுத்தது. நல்ல மை.

எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக அடுப்படியில் நின்று சத்தமாகச் சிரித்தேன். கண்டுபிடித்துவிட்டேன்! இன்னும் முப்பத்தொன்பது நாள் இருக்கிறது!


ஜூலை 5, சனி

செண்பாவிடம் காட்டினேன். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“அப்ப நாலு மாசமா எனக்கு மை கலக்கிக் கொடுத்திருக்க.”

“ஆமா.”

“நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தான?”

“ஆமா.”

“எம்மெஸ்ஸி.”

“ஆமாளா, போதும்.”

விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் நிறுத்திவிட்டாள். டம்ளரை மெதுவாக வைத்தாள்.

“நான் திருச்சிக்குப் போகக் கூடாதுன்னு தெரிஞ்சே செஞ்சியாம்மா?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். பாதிவரை விளையாட்டாக. அரிசி களையப் போனேன். ஒரு வாய் போட்டுக்கொண்டேன். இன்னொரு வாயும்.

தெரிந்து செய்யவில்லை. அது நிச்சயம். தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை நான்கு மாதம் ஏன் யோசிக்கவே இல்லை என்பதற்கு என்னிடம் விடைக்குறிப்பு இல்லை.


ஜூலை 7, திங்கள்

புதிய முறை. காலை 5.30: மாத்திரை, அரை எலுமிச்சம்பழச் சாறு, தண்ணீர், குமட்டாமல் இருக்க ஒரு வாழைப்பழம். டீ கிடையாது. எனக்கும் கிடையாது. அவள் முன்னால் உட்கார்ந்து நான் மட்டும் டீ குடித்தால் நன்றாக இருக்காது.

எலுமிச்சைச் சாற்றை ஒரே மடக்கில் குடித்துவிட்டாள். உட்கார வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 5.33க்குக் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள்.


ஜூலை 8, செவ்வாய்

5.32.


ஜூலை 10, வியாழன்

லூர்துமேரி டீச்சர் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், கேட்காமலே. “உள்ள சிவப்பே இல்ல, டீச்சர். வெள்ளப் பேப்பரு.” தூக்கமில்லை என்றேன். தூக்கம் நன்றாகத்தான் வருகிறது, உட்கார்ந்த இடத்தில் எல்லாம்.

படித் திருப்பம். இன்று காற்று இருந்தது, வேப்பமரம் நன்றாக ஆடியது.


ஜூலை 13, ஞாயிறு

மைதானத்திலிருந்து ஏழரைக்கு வந்தவள் அடுப்படித் தரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். “பசிக்கும்மா. கொல்லுது.” பசி என்று அவள் சொல்லிக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று!

முட்டை இரண்டு, கொய்யாப்பழம், சாதாரண அவலில் நிலக்கடலையும் பேரீச்சையும். அதன் மேல், ஒப்பந்தப்படி, தராசில் நிறுத்த 30 கிராம் கரடி உருண்டை. அவள் 35 கேட்டாள். 32 என்று முடிந்தது. பேரம் பேசுவதில் அவள் அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

“மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு. சாப்பிட்டு ஒரு மணி கழிச்சு டீ குடிக்கலாமா, சயின்டிஸ்டம்மா?”

எட்டரைக்கு டீ போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நேரமிருந்தது. பத்து மணிவரை பேசினாள். மற்ற நாட்களில் மாலை ஆறரைக்கு வைத்துக்கொள்ளலாம், டியூஷனுக்கு முன், என்று அவளே சொன்னாள். நான் கேட்கவில்லை.


ஜூலை 24, வியாழன்

10.4!

பரிசோதனை நிலையத்துப் பெண் சீட்டை நீட்டியதும் செண்பா பிடுங்கிப் பார்த்து, என்னைத் தூக்கிவிட்டாள். தெருவில். ஆட்டோக்காரர்கள் பார்க்க. “எறக்குளா! எறக்கு!” என்றேன். இறக்கும்போது சொன்னாள்: “என்னம்மா நீ, வெயிட்டே இல்ல. கோழிக்குஞ்சு மாதிரி இருக்க.”

மாசிலாமணி சாருக்கு நானே போன் செய்தேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“பதினெட்டு நாள்ல ஒண்ணு ஏறியிருக்கா? என்ன டீச்சர் கொடுத்திய?”

“ஒண்ணும் கொடுக்கல சார். ஒண்ணை நிறுத்தினேன்.”


ஜூலை 27, ஞாயிறு

ஆட்டம். நாலாவது கால் மணியில் ஓடினாள். கடைசி நிமிடத்தில் அறுபது கஜம் துரத்திப்போய்ப் பந்தைப் பறித்தாள். இந்த முறை குடை எடுத்துப் போகவில்லை. கத்தினேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

வரும் வழியில் பாலத்தின் ஏற்றத்தில் சிறிது நேரம் நின்றேன். ரயில் வருகிறதா என்று பார்த்தேன்.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது இந்த நோட்டு மேசைமேல் விரிந்து கிடந்தது.

அவளுடைய உணவுப் பதிவேடு என்று நான்தான் சொல்லியிருந்தேன். நேற்றைய சாப்பாட்டை எழுதிவைக்கலாம் என்று எடுத்தவள் முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறாள். சும்மா படிக்கவில்லை. நான் விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறாள். ‘நான்: டீ’ என்று வந்த இடமெல்லாம் வட்டம். அரிசிக்கு வட்டம். வேப்பமரத்துக்கு வட்டம். பவுடருக்கு வட்டமும் கேள்விக்குறியும். பாலத்து ஏற்றத்துக்கு இரட்டை வட்டம். கடைசியில், என் கையெழுத்தைப் போலவே சாய்த்து: ‘ஒப்பிடும் மாதிரியே கெட்டுப்போயிருக்கிறது. சோதனை செல்லாது.’

ஜூலை 5க்குப் பக்கத்தில் மட்டும் வட்டம் இல்லை. ஒரு டிக். அரை மதிப்பெண்ணுக்கு நான் போடுகிற சின்ன டிக்.

“ஆரோக்கியமான மாதிரியாம்!” என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. “நாளைக்கு லேபுக்கு வார. வரலைன்னா தூக்கிட்டுப் போவேன். தூக்கத் தெரியும்ல?”


ஆகஸ்ட் 4, திங்கள்

எனக்கு 7.9.

பரிசோதனை நிலையத்துப் பெண் சீட்டைக் கொடுக்குமுன் என்னை உட்காரச் சொன்னார். நிற்க முடிகிறதே என்றேன்.

வெளியே வந்ததும் செண்பா சீட்டைக் காற்றில் ஆட்டினாள். “ஏழு புள்ளி ஒம்பது! உன்னைய எவன் டீம்ல எடுப்பான்?” சொல்லிவிட்டு நடுத்தெருவில் என்னைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் இறக்கச் சொல்லவில்லை. இந்த முறை அவள் தூக்கவும் இல்லை.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பயப்பட ஒன்றும் இல்லை, இந்த வயதில் மாதவிலக்கு அதிகமாகப் போகும், அதைச் சொல்ல மாட்டீர்களா என்றார். பச்சரிசி தின்னத் தோன்றுகிறதா என்று கேட்டார். நான் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தேன். “தோணும் மேடம்” என்றாள் செண்பா. “கல்யாணம் முடிஞ்சும் திங்காங்க.”

ரத்தத்தில் இரும்பு குறைந்தால் அப்படித் தோன்றுமாம். அரிசி, சாம்பல், சாக்பீஸ், எதுவும்.

சாக்பீஸ் பற்றி நான் இங்கே எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

5.30: இரண்டு மாத்திரை, இரண்டு எலுமிச்சைச் சாறு. இருவரும் உட்கார்ந்து குடித்தோம். அவள் 5.50க்குக் கிளம்பினாள்.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

திருச்சி. அகாடமி வராந்தாவில் நாற்பது பிள்ளைகள், நாற்பது அம்மாக்கள். எல்லார் கையிலும் பழப்பை. மாசிலாமணி சார் வாசலில் நின்று குடித்த டீயை எண்ணினேன்: ஆறு. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். செண்பகா என்றதும் நான் எழுந்துவிட்டேன். அவள் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் எனக்கு என்ன வேண்டும் என்று முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. பதினொன்று வேண்டும். வேறொன்றும் வேண்டாம். அடுப்படித் தரை காலியாக இருக்கும் என்பது உள்ளே எங்கேயோ இருந்தது. அது இருந்துவிட்டுப் போகட்டும். பதினொன்று மட்டும் வரட்டும்.

கதவு திறந்தது. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தாள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. பிறகு சீட்டை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

11.2.

மாசிலாமணி சார் டீ டம்ளரைத் தூக்கி எறிந்தார். கண்ணாடி டம்ளர். கடைக்காரர் கத்தினார். நான் கத்தியது அதைவிடப் பெரிது என்று செண்பா பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். பெட்டி, மட்டை, மாத்திரை, எலுமிச்சை பிழியும் கட்டை, கரடிப் பெட்டி ஒன்று. 32 கிராம் பிடிக்கிற குட்டி டம்ளர் ஒன்றும் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “நீ திருந்தவே மாட்டியா” என்று பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பேருந்து நிலையத்தில் ஒரே ஒரு உத்தரவு போட்டாள். “நோட்ட நிறுத்தாத. இனிமே உன் பேர்ல.”


ஆகஸ்ட் 18, திங்கள்

5.30: மாத்திரை, எலுமிச்சை. 5.31.


ஆகஸ்ட் 29, வெள்ளி

மாலை ஆறரைக்கு அவளே கூப்பிடுகிறாள். அங்கே அவள் கையில் ஒரு டம்ளர், இங்கே என் கையில் ஒன்று. இன்று முழுவதும் தன் அறைத்தோழி தூங்கும்போது பல் நறநறக்கிறாள் என்பதைப் பற்றி. கடைசியில் கேட்டாள்: “அரிசி?”

“இல்ல.”

“அம்மா.”

“ஒரு வாய். முந்தாநாள்.”

“எழுதிக்க.”

எழுதிக்கொண்டேன்.


செப்டம்பர் 5, வெள்ளி

இன்று ஆசிரியர் தினம். பிள்ளைகள் மேசைமேல் ஒரு பொதி வைத்திருந்தார்கள். பிரித்தால் அந்த ஸ்பீக்கர் காந்தம், சுற்றிலும் சரிகை ஒட்டி. முத்தரசியின் வேலை. ஐந்து பிள்ளைகள் தங்கள் அம்மாக்களைப் பரிசோதனைக்கு அழைத்துப்போயிருக்கிறார்களாம்; மூன்று பேருக்கு ஒன்பதுக்குக் கீழே. மூன்று பேரும் மாத்திரையை டீயில்தான் விழுங்கியிருக்கிறார்கள்.

அரிசி: இல்லை.


செப்டம்பர் 18, வியாழன்

10.1.

முதல் பாடவேளை ஆய்வகத்தில். பதிவேட்டையும் பிப்பெட் கட்டையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். எதைப் பற்றியோ யோசித்துக்கொண்டு போனதில் ஆய்வகக் கதவின் பூட்டில் சாவி நுழைந்தபிறகுதான் தெரிந்தது, படித் திருப்பத்தில் நான் நிற்கவே இல்லை.

சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு அந்த ஜன்னலுக்கு இறங்கி வந்தேன். மூச்சு வாங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நன்றாகப் பார்த்தேன்.

வேப்பமரம் இல்லை. புங்கமரம்.